நான்கு விரல் இடைவெளி

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் போடிநாயக்கனூரில் ஜீப் பட்டறை வைத்திருப்பவன். நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன ஃபோர் வீல் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், கூடாரம் போட்டுத் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு வர ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அதற்கு வண்டியை எப்படித் தயார் பண்ணுவது என்று இந்த வானொலியில் பேசச் சொன்னார்கள். கனம், காற்று, அடுப்பு, கரண்ட், வண்டி மாட்டிக்கொண்டால் எடுப்பது என்று ஐந்து விஷயத்தைத் துண்டுச்சீட்டில் குறித்து எடுத்து வந்திருக்கிறேன். கனத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற நான்கும் அதோடு ஒட்டியேதான் வரும்.

எங்கள் அப்பா ஏலக்காய்த் தோட்ட ஜீப் ஓட்டியவர். போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கம் பூப்பாறை, ராஜாக்காடு என்று தோட்டம் தோட்டமாக இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குகிற ஜீப். வண்டியை எடுக்கும் முன்னால் அப்பா ஒரு காரியம் தவறாமல் செய்வார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்ப்பார். காலி வண்டி என்றால் ஒரு சாண் இருக்கும். ஆள் ஏறிய பிறகு நான்கு விரல் உள்ளே போக வேண்டும். மூன்று விரல்தான் போகிறது என்றால் ஏதாவது ஒரு மூட்டை கீழே இறங்கிவிடும். முதலாளியே பக்கத்தில் நின்றாலும் இறக்கித்தான் வைப்பார்.

நான் சின்னப் பையனாக இருக்கும்போது என் கையைப் பிடித்து உள்ளே விட்டுக் காட்டினார். டயரில் ஒட்டியிருந்த சேறு இன்னும் ஈரமாக இருந்தது. "உன் விரல் இல்லடா, என் விரல் கணக்கு" என்றார். அந்தக் கணக்கைத்தான் இன்றைக்கு மாருதி ஜிம்னி வண்டி எடுத்து வரும் தம்பிகளுக்கும் சொல்கிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் அளவு வேறு. அதனால் காலியாக இருக்கும்போது ஒரு தடவை விரலை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஏற்றிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள். வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று உங்கள் கைக்கே தெரிந்துவிடும்.

கணக்காகவும் சொல்லிவிடுகிறேன். ஐந்து கதவு ஜிம்னி காலியாக ஏறத்தாழ 1,200 கிலோ. வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 1,545 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனி கொடுத்திருக்கும் அளவு. நடுவில் இருப்பது 345 கிலோ. ஆளுக்கு 70 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 280 போய்விட்டது. மிச்சம் 65. அந்த 65 கிலோவுக்குள்தான் கூடாரம், தண்ணீர், அடுப்பு, அரிசி, பருப்பு, போர்வை, ஸ்பேனர் எல்லாம் அடங்க வேண்டும். கூரை மேல் விரிக்கிற கூடாரம் என்று ஒன்று இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள். அது ஒன்றே 50, 60 கிலோ வரும். அதை மாட்டினால் நான்கு பேரும் பட்டினியாகத்தான் போக வேண்டும். தரையில் போடும் மூன்று பேர் கூடாரம் நான்கு, ஐந்து கிலோவுக்குள் கிடைக்கிறது. நான்கு பேருக்கு அதில் இரண்டு எடுத்தாலும் பத்துக் கிலோதான்.

அதேபோல பம்பருக்கு முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பி. பட்டறைக்கு வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் முதலில் கேட்பது அதைத்தான். நான் மாட்டிக் கொடுப்பதில்லை. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அது கூடாது என்று சொல்லிவிட்டது. ஏர்பேக் சரியான நேரத்தில் வெடிப்பதையும் அது கெடுக்கும். போடிமெட்டு தாண்டினால் கேரளா. வண்டியில் கூடுதலாக எதையாவது மாட்டியிருந்தால் அங்கே நிறுத்திக் கேட்கலாம். எல்லாவற்றையும் விட, அந்த இரும்பின் கனம் முழுக்க முன் ஆக்சிலுக்கும் முன்னால் போய்த் தொங்குகிறது. அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்கள்.

இனி மேலே ஏற்றுகிற விஷயம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் 1998 மாடல் மாருதி ஜிப்சி ஜீப் இருக்கிறது. வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் சொல்லி இரும்புக் கேரியர் அடித்து மேலே மாட்டினேன். பூப்பாறைக்கு அந்தப் பக்கம் தெரிந்தவர் ஏலத்தோட்டம் ஒன்று. இரண்டு ராத்திரி தங்கலாம் என்று நானும் வீட்டுக்காரியும், என் மச்சானும் அவர் பையனும் கிளம்பினோம். உள்ளே இடம் தாராளமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கேரியரில் ஏற்றிக் கட்டினேன். தண்ணீர்க் கேன் 20 லிட்டரில் இரண்டு, அடுப்பு, சிலிண்டர், கூடாரம், மடக்கு நாற்காலி, பாத்திர மூட்டை. தார் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. வளைவில் கொஞ்சம் சாய்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

தோட்டப் பாதையில் திரும்பினோம். முந்தின நாள் மழை. சரிவில் வெட்டிய பாதை, வலது பக்கம் மண் திட்டு, இடது பக்கம் ஏலச்செடி, அதற்குக் கீழே பள்ளம். தண்ணீர் ஓடி இடது சக்கரத் தடம் முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது. லோ கியர் போட்டு மெதுவாகத்தான் விட்டேன். இடது சக்கரம் இறங்கியது. வண்டி சாய்ந்தது. சாய்ந்து நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை, இன்னும் சாய்கிறது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வலது பின் சக்கரம் தரையில் இல்லை. காற்றில் நின்றுகொண்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மச்சான்தான் சுதாரித்தார். வலது பக்கமாகக் குதித்து, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் உடம்பு முழுவதையும் திட்டுப் பக்கமாகத் தொங்கவிட்டார். அப்புறம் பையன், அப்புறம் வீட்டுக்காரி, எல்லோரையும் வலது பக்கமாகவே இறக்கினேன். நான் காலை பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. கயிற்றை அவிழ்க்கலாம் என்றால், மூட்டை இடது பக்கம் சரிந்துவிட்டால் வண்டியும் கூடவே போகும். அப்போது பையன்தான் திட்டில் ஏறி, எட்டி, தண்ணீர்க் கேன் இரண்டின் மூடியையும் திருகிவிட்டான். தண்ணீர் கூரை வழியாக ஓடி, கண்ணாடியில் வழிந்து, கீழே கொட்டியது. கொட்டக் கொட்ட அந்தச் சக்கரம் இறங்கியது. நான் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் உயரத்தில் இருந்தது, நான்கு விரலுக்கு வந்தது, அப்புறம் டயரின் பட்டன் ஒவ்வொன்றாக மண்ணைத் தொட்டது. 40 லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ. அதைக் கீழே வைத்திருந்தால் வண்டி அவ்வளவு தூரம் சாய்ந்திருக்காது.

பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பு மேல் நடந்து பாருங்கள். அதே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். பிள்ளையின் கனம் மாறவில்லை, இருக்கும் உயரம்தான் மாறியது. சின்ன வண்டிக்கு அகலம் குறைவு, உயரம் அதிகம். அதனால் அதற்கு இந்த வித்தியாசம் ரொம்பவே பெரிது.

திரும்பி வந்த வாரம், என் மச்சான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடைக்கு எல்லாச் சாமானையும் தூக்கிக்கொண்டு போனேன். மூட்டை எடை போடும் மின் தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். கேரியர் மட்டும் 34 கிலோ! ஒரு சாமானும் ஏற்றாமல், வெறும் கம்பி. ஸ்பேனர் பெட்டி 22 கிலோ. ஜிப்சியில் இல்லாத நட்டுக்கெல்லாம் அதில் சாவி இருந்தது. வண்டிக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி ஒரு சாக்குத் துணியில் சுருட்டினேன், ஆறு கிலோவில் நின்றது. கேரியரைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். உங்கள் ஊரிலும் பழைய இரும்புக் கடையிலோ அரிசிக் கடையிலோ தராசு இருக்கும். ஒரு தடவை கேட்டு எடை போட்டுப் பாருங்கள். குத்துமதிப்பாகச் சொல்கிற கனம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

சரி, எங்கே வைப்பது? கனமான சாமான் எல்லாம் தரையோடு, முன் சீட்டுக்குப் பின்னால், இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில். தண்ணீரை ஒரே 20 லிட்டர் கேனாக வைக்காமல் 10 லிட்டரில் இரண்டாக, பக்கத்துக்கு ஒன்று.  போர்வை, கூடாரம் மாதிரி லேசானவை பின் கதவு ஓரமாக, மேலே.

வைத்ததைக் கட்ட வேண்டும். கட்டாத சிலிண்டர் பிரேக் அடிக்கும்போது நம் பிடரிக்குத்தான் வரும். கட்டியது சரியா என்று பார்ப்பதற்கும் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். மூட்டையைப் பிடித்து ஆட்டுவார். மூட்டை தனியாக ஆடினால் கட்டு சரியில்லை, அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொல்வார். மூட்டையை ஆட்டும்போது வண்டியே சேர்ந்து ஆட வேண்டும். பெல்ட்டால் கட்டினாலும் கயிற்றால் கட்டினாலும் இப்படி ஆட்டிப் பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இன்னொரு தடவை ஆட்டிப் பாருங்கள், கயிறு இளகியிருக்கும்.

கனம் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், தெரிகிறது. இறக்கத்தை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கனம் ஏற்றிய வண்டியை இறக்கத்தில் பிரேக்கை நம்பி விடக் கூடாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் கருகுகிற வாசனை வந்தால் ஓரம் கட்டி, ஆற விட்டு, அப்புறம் எடுங்கள்.

அடுத்தது காற்று. தார் ரோட்டில் வைக்க வேண்டிய அளவு வண்டிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். கல்லும் மண்ணுமான பாதைக்கு வந்ததும் அதில் மூன்றில் ஒரு பங்கை இறக்கிவிடுங்கள். 30 பாயிண்ட் இருந்தால் 20. டயர் கொஞ்சம் அமுங்கி, கல்லைக் கவ்விப் பிடிக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு இடுப்பு வலியும் குறையும். ஆனால் அந்தக் காற்றோடு வேகமாகப் போகாதீர்கள். திரும்பத் தார் ரோடு ஏறும் இடத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பேட்டரியில் மாட்டுகிற சின்னக் கம்ப்ரஸர் ஒன்றும் காற்று அளக்கிற மீட்டர் ஒன்றும் கட்டாயம் வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஈர மண்ணில் வெறும் ஜாக்கி புதைந்துவிடும்.

அடுப்பு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் பேசும்போது மனது கனத்துப்போகும். 2018 மார்ச் 11, குரங்கணி. மலையேற வந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அன்றைக்குப் போடியில் ஆம்புலன்ஸ் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. மாசி, பங்குனியில் மலைச்சரிவில் வளர்கிற அந்தப் போதைப்புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பொறி போதும். அதனால் விறகு மூட்டாதீர்கள். எந்த மாதமானாலும் வேண்டாம். சின்ன கேஸ் அடுப்பு, அதுவும் புல் இல்லாத தரையில், காற்று வரும் பக்கம் வண்டியை மறைப்பாக நிறுத்தி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு. சமையலைக் குறைத்தால் கனமும் குறைகிறது. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை எடுத்துக்கொண்டால் குளிர்ப்பெட்டி தேவையே இல்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் தங்கக் கூடாது, அதையும் நினைவில் வையுங்கள். சொந்தக்காரரைக் கேட்டுத் தோட்டத்துக்குள் தங்குங்கள்.

யானை. இது சீட்டில் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். சின்னக்கானல் அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். ரேஷன் கடை அரிசியைத் தேடி வந்த யானை, 2023 மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றது. தூங்குகிற கூடாரத்தில் அரிசி, பழம், வெல்லம் எதையும் வைக்காதீர்கள். எங்கே கூடாரம் போடலாம் என்று தோட்டத்து வாட்ச்மேனைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும் யானை எந்தப் பக்கம் இறங்கும் என்று. அவர் வேண்டாம் என்று சொன்ன இடம் வேண்டாம்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். கரண்ட் பற்றி நிறைய வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று: இருக்கிற பேட்டரியிலேயே ராத்திரி முழுக்க விளக்கு, போன், மின்விசிறி என்று எல்லாவற்றையும் ஓட்டினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தனியாக ஒரு லித்தியம் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள், அதே அளவு பழைய வகை பேட்டரியில் பாதிக் கனம்கூட வராது. ஒயர் இழுத்தால் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட வேண்டும்.

கடைசியாக, வண்டி மாட்டிக்கொண்டால். முதலில் ஆளை இறக்குங்கள், அப்புறம் சாமானை இறக்குங்கள், அப்புறம் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் வெட்டிவிடுங்கள். பாதித் தடவை கயிறே தேவைப்படாது. கயிறு போட்டே ஆக வேண்டும் என்றால், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் இருக்கிற கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், பம்பரில் மாட்டாதீர்கள். கயிற்றின் நடுவில் ஒரு கனத்த போர்வையைப் போட்டுவிடுங்கள், அறுந்தால் துள்ளுவது குறையும். இழுக்கும்போது பிள்ளைகளைக் கயிற்று நீளத்துக்கு மேல் தள்ளி நிறுத்துங்கள். நேரம் ஆகிவிட்டது என்கிறார்கள். வணக்கம்.