கோபால் வாயைத் திறக்கணும்: ‘புதிய பறவை’யில் வசனமே சாட்சியான கதை

[திரையில்: கறுப்புத் திரை. சரோஜா தேவியின் குரல் மட்டும்: “கோபால்…”]

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். மேடைக்கு மேடை மிமிக்ரி கலைஞர்கள் பேசிப் பேசியே இதை ஒரு நகைச்சுவையா மாத்திட்டாங்க. 2025 ஜூலைல சரோஜா தேவி மறைஞ்சப்பவும் பலபேருக்கு முதல்ல காதுல ஒலிச்சது இந்தக் கொஞ்சல்தான். ஆனா அந்தக் கொஞ்சலுக்குள்ள ஒரு போலீஸ் விசாரணை ஒளிஞ்சிருக்கு. அதைப் பத்திதான் இந்த வீடியோ.

படத்தோட முடிச்சை அவிழ்க்காம இதைப் பேசவே முடியாது. இன்னும் ‘புதிய பறவை’ பாக்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, படத்தைப் பாத்துட்டு வாங்க. நான் காத்திருக்கேன்.

[திரையில்: படத்தின் தலைப்பு]

1964 செப்டம்பர்ல வெளியான வண்ணப்படம். சிவாஜி கணேசனோட சொந்தத் தயாரிப்பு. இயக்கம் தாதா மிராசி, வசனம் ஆரூர்தாஸ். ‘சேஷ் அங்க’ங்கற வங்காளப் படத்தைத் தழுவி எடுத்தாங்க.

கதை இதுதான். சிங்கப்பூர்ல இருந்து ஊருக்குத் திரும்புற பணக்காரர் கோபால், அதாவது சிவாஜி. கப்பல்ல லதாவையும், அதாவது சரோஜா தேவியையும், அவங்க அப்பாவையும் சந்திக்கிறார். ஊட்டி பங்களாவுல காதல் வளருது. ஆனா ரயிலைப் பாத்தா மட்டும் கோபாலுக்கு உடம்பு நடுங்குது. ஏன்னு லதா கேக்க, முதல் மனைவி சித்ரா ரயில் முன்னாடி விழுந்து தற்கொலை பண்ணிக்கிட்டதாச் சொல்றார். லதா நம்புறாங்க, நாமளும் நம்புறோம்.

இப்போ நிச்சயதார்த்த விருந்து. வாசல்ல ஒரு பெண் வந்து நிக்கிறா. “நான்தான் சித்ரா”ங்கறா. சௌகார் ஜானகி. கூடவே, சித்ராவோட மாமா ரங்கன்னு சொல்லிக்கிட்டு எம்.ஆர்.ராதா.

இங்கதான் ஆரூர்தாஸ் பின்னின வலையைக் கவனிக்கணும். அதுவரைக்கும் கோபால் சொன்னது பொய், எல்லாரும் நம்பினாங்க. இப்போ அவர் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. இவ சித்ரா இல்ல, சித்ரா செத்துட்டா. அதை ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. நிரூபிக்கச் சொல்றாங்க. அவர் கையில இருக்கிற உறுதியான ஆதாரம் ஒண்ணே ஒண்ணுதான்: சித்ராவைக் கொன்னதே அவர்தான்.

யோசிச்சுப் பாருங்க. இவ சித்ரா இல்லன்னு சொல்லத் தொடங்குற ஒவ்வொரு வாக்கியமும், முடியுற இடத்துல அவரோட கழுத்துக்கே கயிறாகும். அதனால பாதி பேசி நிறுத்துறார், கத்துறார், கெஞ்சுறார். சிவாஜியோட நடிப்பை மிகைன்னு சொல்றவங்க இந்த இடத்தை இன்னொரு தடவை பாக்கணும். வாய்வரைக்கும் வந்த ஒரு சொல்லை மறுபடி மறுபடி விழுங்குற மனுஷன் அப்படித்தான் இருப்பான். ‘எங்கே நிம்மதி’ன்னு அவர் அலையுறதும் அந்த விழுங்கின சொல் உள்ள கிடந்து அறுக்கறதாலதான்.

பாட்டையும் விட்டுவைக்கல. சிங்கப்பூர்ல சித்ரா பாடி கோபாலை மயக்கின பாட்டு, ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’. கண்ணதாசன் எழுதி, பி.சுசீலா பாடினது. அதே பாட்டு பின்னால சோகமா திரும்பி வருது. காதலி கேட்ட கேள்வி இப்போ குறுக்கு விசாரணையா மாறிடுது. அடுத்த அடியில ‘பருவ நாடகம்’னு ஒரு சொல் வருது. அந்த வீட்டுல நடக்கறதும் நாடகம்தான்னு அப்போ நமக்குத் தெரியாது.

[திரையில்: கோபாலின் முகம், மிக அருகில்]

கடைசியில கோபால் உடைஞ்சு போறார். சித்ராவை ஓங்கி அறைஞ்சதையும், இதயம் பலவீனமான அவ அந்த அடியிலேயே செத்ததையும், உடலைத் தண்டவாளத்துல போட்டதையும் தன் வாயாலேயே சொல்றார். சொல்லி முடிச்சதும் லதா யாருன்னு தெரியுது: போலீஸ் அதிகாரி. அப்பாவா வந்த வி.கே.ராமசாமியும் போலீஸ், மாமாவா வந்த ரங்கனும் போலீஸ். சித்ராவா வந்தவளும் அவங்க நிறுத்தின ஆள்தான். கொலையை நிரூபிக்கச் சாட்சி கிடையாது. கோபால் வாயைத் திறந்தாத்தான் வழக்கு. அந்த ஒரு வாக்குமூலத்துக்காகத்தான் இவ்வளவு பெரிய நாடகம்.

இப்போ அந்த “கோபால்” கிட்ட வருவோம். இரண்டாவது தடவை படம் பாக்கும்போது, வாக்குமூலத்துக்கு முன்னாடி வர்ற ஒவ்வொரு “கோபால்”லயும் ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தி குற்றவாளியை நெருங்குற அதிகாரி. இன்னொருத்தி அவரை நிஜமாவே விரும்பத் தொடங்கிட்ட பெண். எங்க முதல் ஆள் முடிஞ்சு ரெண்டாவது ஆள் ஆரம்பிக்கிறாங்கன்னு நானும் பலமுறை தேடிட்டேன். பிரிக்க முடியல. நடிப்பா தொடங்கின காதல் நிஜமாயிடுச்சுன்னு லதாவே கடைசியில சொல்றாங்க.

அதைக் கேட்ட கோபால் திட்டல. ஏமாத்திட்டியேன்னு குமுறல. “பெண்மையே, நீ வாழ்க!”ங்கறார். தன் உள்ளத்துக்கும் ஒரு நன்றி சொல்றார். இவ்வளவு நேரம் ஒரு சொல்லைப் பூட்டி வெச்சுத் தவிச்ச மனுஷன், கைதாகி நிக்கிற நேரத்துலதான் மனசார, தடையில்லாம பேசறார்.