ஒட்டடையில் கட்டிய வீடு

நேயர்களுக்குக் காலை வணக்கம்.

நான் தினமும் நாற்பது நிமிடம் நடக்கக் கிளம்புவேன். அதில் பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்பதிலேயே போய்விடும். எங்கள் தெருக்கோடி வீட்டு மதிலை ஒட்டி ஒரு செம்பருத்தியும், பக்கத்தில் இட்லிப்பூச் செடியும் இருக்கின்றன. காலை வெயில் அந்த மதிலில் விழும்போது தேன்சிட்டுகள் வந்துவிடும்.

முதலில் 'சிட் சிட்' என்று சத்தம்தான் கேட்கும். அப்புறம் ஒரு கிளை லேசாக ஆடும். நம் ஊர்த் தோட்டங்களில் அதிகம் தென்படுவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் சுமார் 10 சென்டிமீட்டர்தான். ஆணின் வயிறு நல்ல மஞ்சள். உச்சந்தலையில் பச்சை மினுங்கும், தொண்டையில் ஊதா. ஆனால் அது கொஞ்சம் திரும்பினால் போதும், அத்தனை மினுக்கும் போய்க் கறுத்துவிடும். இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் நிறம் அது. அதனால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்று பாருங்கள்.

உடம்பு முழுக்கக் கருநீலமாக ஒன்று வந்தால் அது ஊதாத் தேன்சிட்டு. குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் அதன் ஆண் அந்த நிறத்தைக் களைந்துவிட்டுப் பெண்ணைப்போல ஆகிவிடும். மஞ்சள் மார்பின் நடுவே மையில் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். இரண்டு வருடமாக அதை வேறு பறவை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செம்பருத்தியில் இவை செய்யும் வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இட்லிப்பூவில் அலகை நேராகக் குழலுக்குள் விட்டு உறிஞ்சும் பறவை, செம்பருத்திக்கு வந்ததும் பூவின் முகப்புக்கே போகாது. காம்பில் தொற்றிக்கொண்டு, இதழ்கள் பச்சைப் புல்லியோடு சேரும் இடத்தில் பக்கவாட்டில் குத்தும். தேன் கிடைத்துவிடும், மகரந்தம் உடம்பில் ஒட்டாது. பூவுக்கு இதில் லாபமே இல்லை. உதிர்ந்த செம்பருத்தியை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள், சின்னக் கிழிசல் தெரியும்.

இந்தப் பறவைக்குத் தேன் மட்டும் போதும் என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். ஒருநாள் அதே மதில்மேல் பெண் சிட்டு ஒன்று பூவை விட்டுவிட்டு, ஜன்னல் மூலையில் இருந்த சிலந்தி வலையை இழுத்துக்கொண்டிருந்தது. அலகில் நூல் சுற்றிக்கொண்டதும் பறந்தது. பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வாசலில் தொங்கிய கேபிள் வயரில் பாதிக் கூடு. நார், மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த இலை, கம்பளிப்புழுவின் எச்சம்கூட. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது அந்த ஒட்டடைதான். அது இழுபடும், அறாது. குஞ்சுகள் வளர வளரக் கூடும் நெகிழ்ந்து இடம் கொடுக்கும். பக்கத்தில் ஒரு துளை, அதற்குமேல் தாழ்வாரம் போல ஒரு சின்ன இறக்கம். பெரும்பாலும் இரண்டு முட்டைதான். குஞ்சு வந்ததும் தாய் கொண்டுவந்து ஊட்டுவதும் அதே சிலந்திகளையும் சிறு பூச்சிகளையும்தான்.

பூச்செடி வைத்தால் சிட்டு வரும், உண்மைதான். ஆனால் மருந்தடித்துப் பூச்சியை ஒழித்து, மூலை முடுக்கெல்லாம் துடைத்த தோட்டத்தில் அது தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். தங்காது. இதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

போன போகிக்கு வீட்டுக்குள் வழக்கம்போல ஒட்டடை அடித்தோம். திண்ணைக்கு வெளியே ஓட்டுக்கு அடியில் இருந்ததை மட்டும் விட்டுவைத்தேன். மாசியில் ஒரு காலை, கையில் காபியோடு நிற்கிறேன். பெண் சிட்டு ஓட்டடியில் அந்தரத்தில் படபடத்தபடி வலையை உருவிக்கொண்டிருந்தது. ஆண் துணி காயும் கொடியில் உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் நடக்கப் போகவே இல்லை.

வணக்கம்.