டயட்ல இருக்கும்போது எதுவரைக்கும் குறைக்கலாம்?

[திரையில்: எடை மெஷின், அதுக்குப் பக்கத்துல காலித் தட்டு]

எடை குறைக்கணும்னு முடிவு பண்ணதும் பலர் முதல்ல கை வைக்கிறது காலைச் சாப்பாட்டுல. அடுத்தது ராத்திரிச் சாப்பாடு. முதல் வாரத்துலயே ரெண்டு கிலோகூட இறங்கலாம். அதுல பெரும்பகுதி தண்ணிதாங்க. கல்லீரல்லயும் தசையிலயும் கிளைக்கோஜன்னு ஒரு மாவுச்சத்து இருப்பு இருக்கு. அதுல ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். சாப்பாடு குறைஞ்சதும் அந்த இருப்பு கரையுது, தண்ணியும் கூடவே வெளியேறுது. பழையபடி சாப்பிட்டா ரெண்டும் திரும்ப வந்துடும்.

எவ்வளவு குறைச்சா உடம்பு தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு. பேப்பர், பேனா எடுத்துக்குங்க.

[திரையில்: எடை × 10 + உயரம் × 6.25 − வயசு × 5]

இது மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம், 1990-ல வந்தது. எடை கிலோவுல, உயரம் சென்டிமீட்டர்ல. வர்ற விடையோட ஆண்கள் 5 கூட்டணும், பெண்கள் 161 கழிக்கணும். 35 வயசு, 160 சென்டிமீட்டர், 75 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்குப் போட்டா 750 + 1000 − 175 − 161, அதாவது 1414 கலோரி. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, சிறுநீரகம் எல்லாம் ஓட ஆகுற செலவு இது. பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறவங்க இதை 1.2-ஆல பெருக்கணும்: 1697. தினம் கொஞ்சம் நடக்குறவங்க 1.375-ஆல: 1944. சந்தேகமா இருந்தா சின்ன எண்ணையே எடுங்க. நம்ம நடையை நாமளே கூட்டி மதிப்பிடுறது ரொம்ப சகஜம்.

இப்போ அந்த மொத்தத்துல இருந்து 300 முதல் 500 வரை கழிங்க. 1944-ல 500 போனா 1444, பரவாயில்ல. 1697-ல 500 போனா 1200-க்கும் கீழே இறங்குது. அங்கே 300 போதும். விடை அந்த 1414-க்குப் பக்கத்துலயே நிக்கட்டும்.

நாளுக்கு 500 குறைஞ்சா வாரத்துக்கு 3500. ஒரு கிலோ உடல் கொழுப்புல சுமார் 7700 கலோரி இருக்கிறதால, வாரத்துக்கு 450 கிராம்போல இறங்கும். கேட்க மெதுவாத்தான் இருக்கும்.

[திரையில்: 1570]

இன்னொருத்தரோட டயட் சார்ட்டை ஏன் அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னு புரிய, இந்த எண்ணைப் பாருங்க. அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 1944 நவம்பர்ல தொடங்கின ஆய்வுல, 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில வெச்சார். அவங்களுக்குக் கிடைச்சது நாளுக்கு சுமார் 1570 கலோரி. உடல் எடையில கால்வாசி போச்சு. நாடித்துடிப்பு குறைஞ்சது, எப்பவும் குளிர், எரிச்சல், மனச்சோர்வு, நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பு. அதுக்கு முன்னாடி அவங்க சாப்பிட்டது ஏறக்குறைய அதுபோல ரெண்டு மடங்கு. நம்ம உதாரணப் பெண்ணுக்கு அதே 1570 மிதமான டயட். எண் ஒண்ணுதான், தேவைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள இடைவெளி வேற.

அடுத்து புரதம். சாப்பாட்டோட சேர்த்து இதையும் குறைச்சா கொழுப்போட தசையும் கரையும். நாளுக்கு, உடல் எடையில கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வெச்சா 75 கிலோவுக்கு 90 முதல் 120 கிராம். எடை ரொம்ப அதிகமா இருக்கிறவங்க, போய்ச் சேர வேண்டிய எடையை வெச்சுக் கணக்குப் போடலாம். ஒரு முட்டையில 6 கிராம். வெந்த பருப்பு வகை 100 கிராம்ல 8 அல்லது 9. ஒரு டம்ளர் பால், 200 மில்லின்னா 6-க்கு மேல. "ரெண்டு முட்டை சாப்பிட்டேனே"ன்னா அது 12 கிராம்தான். வேளைக்கு 30 வேணும். வாரம் ரெண்டு நாளாவது எடை தூக்குற பயிற்சி சேர்ந்தா தசை நிக்கும். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம புரதத்தைக் கூட்டாதீங்க.

எண்ணெயை மட்டும் ஸ்பூனால அளந்து ஊத்துங்க. ஒரு டேபிள்ஸ்பூன்ல சுமார் 120 கலோரி. "கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன், இறங்கவே மாட்டேங்குது"ன்னு சொல்றவங்க முதல்ல பார்க்க வேண்டிய இடம் இது. அதுக்காக அடியோட நிறுத்தவும் கூடாது. ஏ, டி, ஈ, கே விட்டமின்கள் உடம்புல சேர கொழுப்பு வேணும். தட்டுல பாதி காய்கறியா இருக்கட்டும், இல்லன்னா மலச்சிக்கல் வரும்.

[திரையில்: 5 × 1000 + 2 × 3000 = 11000]

அஞ்சு நாள் 1000 கலோரியில பல்லைக் கடிச்சுக்கிட்டு, ரெண்டு நாள் பசி தாங்காம 3000 சாப்பிட்டா வாரத்துக்கு 11000. ஏழால வகுத்தா 1571. தினம் 1570 நிம்மதியா சாப்பிட்டிருந்தாலும் கணக்கு இதேதான். பட்டினி கிடந்தது வீண்.

எடையை தினம் காலையில, கழிவறை போய் வந்ததும் பாருங்க. ஒப்பிடுறது வாரச் சராசரியை. மூணு நாலு வாரமா அசையவே இல்லைன்னா, ஒரு வாரம் எல்லாத்தையும் அளந்து எழுதுங்க. அப்பவும் அப்படியேன்னா 100 கலோரி குறைக்கலாம். தண்ணி இறங்குற முதல் வாரத்தைத் தாண்டியும் வாரத்துக்கு உடல் எடையில 1 சதவீதத்துக்கு மேல போனா, 150 முதல் 200 வரை கூட்டிச் சாப்பிடுங்க. வாரத்துக்கு 1.5 கிலோவுக்கு மேல தொடர்ந்து இறங்கினா பித்தப்பைக் கல் வர வாய்ப்பு கூடும்.

முடி கொட்டுறது உடனே தெரியாது, ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும். அதனால பலர் ஷாம்பூவைத் திட்டுவாங்க. தலைசுத்தல், எப்பவும் குளிர்றது, தூக்கம் கெடுறது வந்தா சாப்பாட்டைக் கூட்டுங்க. மாதவிடாய் நின்னா டாக்டரைப் பாருங்க.

800 கலோரிக்குக் கீழ் உள்ள டயட் மருத்துவக் கண்காணிப்புல மட்டும்தான். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவங்க, 18 வயசுக்குக் கீழ் உள்ளவங்க, உணவுக்கோளாறு (பட்டினி கிடக்கிறது, அளவில்லாம சாப்பிடுறது மாதிரியான மனநலப் பிரச்சினை) இருந்தவங்க இந்தக் கணக்கைத் தாங்களா போட வேண்டாம். இன்சுலின் போடுறவங்களும் சாப்பாட்டைக் குறைக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போகணும். மருந்து அளவு அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைஞ்சா சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போயிடும்.