சிசிலியில் மீனுக்குச் சீஸ் கேட்ட கதை

எல்லாருக்கும் வணக்கம். சிசிலியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இத்தாலி வரைபடத்தில் பூட்ஸ் முனைக்கு எதிரே கிடக்கிற முக்கோணத் தீவு, அறிமுகம் அவ்வளவு போதும். நான் பேச வந்தது அங்குள்ள இடிபாடுகளையும் சாப்பாட்டையும் பற்றி, அதுவும் தனித்தனியாக அல்ல.

முதல் தடவை போனபோது காலையில் ஒரு கோயில், மதியம் ஒரு அரங்கம், சாயங்காலம் ஒரு மியூசியம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடினேன். பசித்தால் வழியில் எதையாவது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. அங்கே சின்ன ஊர்களில் மதியம் மூன்று மணிவாக்கில் அடுப்பை அணைத்தால் மறுபடி பற்றவைப்பது ராத்திரிக்குத்தான். ஆகஸ்ட் வெயிலில் செலினுண்டே இடிபாடுகளை முழுக்கச் சுற்றிவிட்டு மூன்றரைக்கு வெளியே வந்தவன், பூட்டிய கதவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால் முதல் அறிவுரை: சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், கோயிலை அதற்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம், கல் எங்கேயும் போகாது.

செலினுண்டே கிரேக்கர்கள் கட்டிய நகரம். கி.மு. 409இல் கடல் தாண்டி, வட ஆப்பிரிக்க நகரமான கார்தேஜின் படை வந்து அதை அழித்தது. எந்தக் கோயில் எந்தத் தெய்வத்துக்கு என்று உறுதியாகத் தெரியாததால் சி, இ, ஜி என்று எழுத்துகளையே பெயராக வைத்திருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்கிற ‘இ’ கோயிலும் 1950களில் தூக்கி நிறுத்தியதுதான். ‘ஜி’ வெறும் கற்குவியல், ஆனால் என்ன குவியல்! ஒவ்வொரு தூண் துண்டும் ஆளை மறைக்கிற அளவு. என்னைக் கேட்டால் கோயிலைவிட, அதற்குக் கல் வெட்டிய குசா குவாரியைத்தான் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒலிவ மரங்களுக்கு நடுவே, தூணுக்கான உருளைகள் பாதி செதுக்கியபடி இன்னும் பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எதிரி வந்துவிட்டான் என்ற சேதி கேட்டு உளியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அங்கே கூட்டமும் கிடையாது, நிம்மதியாக உட்காரலாம்.

அக்ரிஜென்டோவில் வேறு கதை. அங்குள்ள கான்கார்டியா கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. காரணம் எளிது: கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தேவாலயமாக்கிவிட்டார்கள், புழக்கத்தில் இருந்தது, பிழைத்தது. பக்கத்தில் அதைவிடப் பெரிதாக இருந்த ஜீயஸ் கோயிலை யாரும் உபயோகிக்கவில்லை, 18ஆம் நூற்றாண்டில் அதன் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்த் துறைமுகம் கட்டினார்கள். சிரகூசாவில் இன்னும் அழகு. ஆதீனா கோயிலின் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பிப் பேராலயமாக்கியிருக்கிறார்கள், இப்போதும் பூசை நடக்கிறது. சாய்ந்துகொள்ள நீங்கள் தேடுகிற தூணுக்கு வயது 2,400க்கு மேல்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம், அதுவும் இதே கணக்குதான்: புழக்கத்தில் இருப்பது பிழைக்கிறது. கார்தேஜ் இருந்தது இன்றைய துனிசியாவில். அதே கரையிலிருந்து 827இல் அரபுப் படை புறப்பட்டு, செலினுண்டேக்கு மேற்கே மசாராவில் வந்து இறங்கியது. இந்த முறை வந்தவர்கள் வெறும் கற்குவியலை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை. எலுமிச்சை, கரும்பு, கத்தரிக்காய் எல்லாம் தீவின் தோட்டங்களுக்கு வந்தன. மேற்குக் கரையில் உள்ள டிராபானியில் இன்றும் கூஸ்கூஸை, அதாவது கோதுமை ரவையில் உருட்டிய சின்னச் சின்ன மணிகளை, ஆவியில் வேகவைத்து, மீன் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். கபொனாட்டா என்று ஒன்று, பொரித்த கத்தரிக்காய், செலரி, ஆலிவ், வினிகர், கொஞ்சம் சர்க்கரை, புளிப்பும் இனிப்பும் சண்டைபோடும். சூடாக வேண்டும் என்று கேட்காதீர்கள், ஆறினால்தான் ருசி. பலெர்மோ சந்தையில் கொண்டைக்கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, வெட்டிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், பானெல்லே என்று பெயர். சைவக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். பஜ்ஜிக்குத் தூரத்துச் சொந்தம் என்று நான் சொல்லிக்கொண்டேன், உள்ளே காய் இல்லை என்பது மட்டும்தான் வருத்தம்.

அப்புறம் பாஸ்தா. மார்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் பிறந்தது 1254இல். அதற்கு நூறு வருஷம் முன்பே, பலெர்மோவில் இரண்டாம் ரோஜர் மன்னரின் அவையில் இருந்த அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி, பக்கத்து ஊரான டிராபியாவில் ‘இத்ரியா’ என்ற உலர்ந்த மாவுப் பண்டம் செய்து கப்பல் கப்பலாக வெளியே அனுப்புகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்.

கடைசியாக ஒருவர். ஆர்க்கெஸ்ட்ராடஸ், இதே தீவின் ஜெலா ஊர்க்காரர், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. எந்த ஊரில் எந்த மீன் நன்றாக இருக்கும் என்பதைச் செய்யுளாகவே பாடியவர். நல்ல மீனைச் சமைக்கும்போது சிரகூசாக்காரனைப் பக்கத்தில் விடாதே, எல்லாவற்றிலும் சீஸைப் போட்டுக் கெடுத்துவிடுவான் என்று அதில் புலம்புகிறார்.

இது எனக்கு நினைவில் இருந்தது. சிரகூசாவில் அந்தப் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, அந்த வழக்கம் இன்னும் இருக்கிறதா பார்ப்போம் என்று ஒரு சின்னக் கடையில் மீன் பாஸ்தா வாங்கிக்கொண்டு, துருவிய சீஸ் கொஞ்சம் கேட்டேன். பரிமாறியவர் என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “மீனுக்கா?” என்றார். உள்ளே போனவர் தண்ணீர்ப் பாட்டிலோடு திரும்பி வந்தார். சீஸ் கடைசிவரை வரவில்லை.