குராவ் சாஜா

வணக்கம் நேயர்களே.

"டீச்சர், கேலிக்கு எல்லை உண்டா, பேச்சுச் சுதந்திரம் எதுவரைக்கும் போகலாம், இதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச முடியுமா?" என்று கேட்டார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த்திலும் தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டு வேலை பார்த்தவள் நான். கலை இரவு வந்தால் நகைச்சுவை நாடகம் எழுதுவது என் பொறுப்பு. பிள்ளைகளை மேடையேற்றி மண்டபத்தையே சிரிக்க வைத்திருக்கிறேன். அதில் ஒரு தடவை செய்த தப்பு இன்னும் மனத்தை அறுக்கிறது. அதையும் சொல்கிறேன்.

2025 மார்ச்சில் வந்த அந்தக் காணொளியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலாய் வானொலி ஒன்றின் அறிவிப்பாளர்கள் மூன்று பேர், ஒலிப்பதிவு அறையில் "வேல், வேல்" என்று கத்திக்கொண்டு, காவடி ஆடுவதுபோல் ஆடிச் சிரித்தார்கள். தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வருஷம் என் அக்கா மகன் காவடி எடுத்திருந்தான். விரதமிருந்து இளைத்துப்போன உடம்பு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். பாதிப் படியில் கால் தடுமாறும்போது சுற்றியிருப்பவர்கள் எழுப்புகிற குரல்தான் "வேல் வேல்". முகம் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்து கத்துவார்கள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அடுத்த படியில் கால் வைத்தான். பக்கத்தில் நான் தண்ணீர்ப் பாத்திரத்தோடு நின்றேன். அதே சொல்லை யாரோ சிரிப்புக்காகக் கத்துவதைக் கைப்பேசியில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

மூவரும் மன்னிப்புக் கேட்டார்கள். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் அந்த வானொலியை நடத்தும் நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் அபராதம் போட்டது. ஊரெங்கும் போலீஸ் புகார்கள். இன்னொரு பக்கம், "இதுக்குப் போய் ஏன் இவ்வளவு? குராவ் சாஜா" என்றும் சிலர் சொன்னார்கள். மலாயில் சும்மா தமாஷ்தானே என்று அர்த்தம். என் சொந்தக்காரப் பையன் ஒருவனே சொன்னான்.

அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் எனக்கு 2004 ஞாபகம் வந்துவிட்டது. ஏனென்றால் அதே சொல்லை நான் சொல்லியிருக்கிறேன்.

பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அந்த வருஷக் கலை இரவை நடத்தினோம். என் நாடகத்தில் ஒரு 'பங்களா' பாத்திரம். வங்காளதேசத்திலிருந்து வந்த வேலையாள். அரைகுறை மலாய் பேசுவான், எதைச் சொன்னாலும் தப்பாகப் புரிந்துகொள்வான், ஒவ்வொரு காட்சியிலும் தலையில் ஒரு அடி வாங்குவான். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதை அற்புதமாக நடித்தான். லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு, தலையை ஆட்டி அவன் பேசியபோது பெற்றோர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்தது. மண்டபத்தில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வங்காளதேசக்காரர். நாடகம் நடந்தபோது பின்சுவரில் சாய்ந்து நின்று அவரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்திருந்தேன். நான் ஒப்பனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பக்கத்தில் வந்தார். கையில் இரண்டு நாற்காலி. கீழே வைக்கக்கூட இல்லை. மெதுவாகக் கேட்டார்: "சிக்கு, சாயா சாக்காப் மாச்சாம் இத்து கா?" டீச்சர், நான் அப்படியா பேசுகிறேன்?

கோபமே இல்லாத குரல். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இருபது வருஷமாக யோசித்துவிட்டேன். அன்றைக்குச் சொன்னது இதுதான்: "தக் லா, குராவ் சாஜா." இல்லப்பா, சும்மா தமாஷ். அவர் தலையாட்டிவிட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் பேசிய மலாயைப் பிறர் இப்படித்தானே நடித்துக் காட்டினார்கள்? தலையை ஆட்டி, 'ஐயோ' போட்டு, எதையும் புரிந்துகொள்ளாத ஆளாக நம்மைக் காட்டியபோது நமக்கு வலித்தது. கூலியாக வந்தவர்களின் பேத்தி நான். புதிதாகக் கூலி வேலைக்கு வந்த ஒருவரை மேடையில் ஏற்றித் தலையில் அடித்தேன். இது எனக்குப் புரிய, அவர் கையில் இரண்டு நாற்காலியோடு வந்து நிற்க வேண்டியிருந்தது.

தொல்காப்பியர் சிரிப்பு பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலாவதாக எள்ளலைத்தான் வைக்கிறார். பிறரை எள்ளிச் சிரிப்பது மனித சுபாவம் என்பதை நம் இலக்கணம் மறைக்கவில்லை. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிப்பார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமும் சிரிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் படிக்கும்போதெல்லாம் சுவரில் சாய்ந்து நின்ற அந்த முகம் எனக்குத் தெரியும். அவர் சிரித்தார் என்பதற்காக அவருக்கு வலிக்கவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வேலை பார்க்கும் இடத்தில், எல்லோரும் சிரிக்கும்போது, அவர் வேறு என்ன செய்ய முடியும்?

இங்கே ஒரு சட்ட விஷயம் சொல்ல வேண்டும். நம் அரசியலமைப்பின் 10ஆவது விதி பேச்சுரிமை தருகிறது. யாருக்கு? குடிமக்களுக்கு. 'ஒவ்வொரு குடிமகனுக்கும்' என்றுதான் அதில் இருக்கிறது. வேலை பெர்மிட்டில் வந்தவருக்கு அந்த விதியில் இடமில்லை. அப்படியானால் அன்று மேடை, மைக், சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் என் பக்கம். அவர் பக்கம் ஒரே ஒரு கேள்வி. அதையும் எல்லோரும் போன பிறகுதான் அவரால் கேட்க முடிந்தது.

அதனால்தான் 'யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வையுங்கள்' என்ற பொதுவான அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. சில பேரைப் புண்படுத்தத்தான் வேண்டும். அதியமானின் தூதாகப் போன ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டினான். ஔவை என்ன சொன்னார்? உன் வேல்கள் மாலை போட்டு, நெய் பூசி, பளபளவென்று இருக்கின்றன; எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வதுபோல் ஒரு குத்து. தொண்டைமானுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். தைக்கட்டும். படை வைத்திருப்பவன் அவன். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே வம்புக்கு இழுப்பானே, அதுவும் இந்த வகைதான். மந்திரியை, முதலாளியை, சங்கத் தலைவரை, கோயில் நிர்வாகத்தைக் கேலி செய்ய நமக்கு முழுச் சுதந்திரம் வேண்டும். அவர்களுக்குக் கோபம் வந்தால் பதில் சொல்ல அவர்களிடம் மேடை இருக்கிறது.

ஆனால் நம் நாட்டில் சட்டம் யார் மேல் பாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கேலிச்சித்திரக்காரர் சூனார் மீது 2015இல், ட்விட்டரில் எழுதியதற்காக, ஒன்பது தேசநிந்தனைக் குற்றச்சாட்டுகள். 2016 நவம்பரில் இங்கே பினாங்கில், நம் கொம்தார் கட்டடத்தில் அவருடைய கார்ட்டூன் கண்காட்சி நடந்தது. ஒரு கும்பல் உள்ளே புகுந்து ரகளை செய்தது. மறுநாள் போலீஸ் கைது செய்தது யாரை? கார்ட்டூன் வரைந்தவரை. ஆட்சி மாறிய பிறகு 2018இல்தான் அவர் மீதிருந்த குற்றச்சாட்டுகள் விலக்கப்பட்டன.

ஜெலுத்தோங் புலி கர்ப்பால் சிங் சிரிப்புக் காட்டியவர் இல்லை, வழக்கறிஞர். பேராக் மாநில ஆட்சி கவிழ்ந்த விவகாரத்தில் 2009இல் சட்டக் கருத்து ஒன்றைச் சொன்னார். அதற்குத் தேசநிந்தனை வழக்கு. 2014 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு. ஏப்ரலில் விபத்தில் இறந்துபோனார். கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுவித்தது 2019இல். அந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. 1948இல் பிரிட்டிஷ்காரன் போட்டுவைத்த தேசநிந்தனைச் சட்டம் இது. 2012இல் ரத்து செய்வதாக அறிவித்தார்கள். 2015இல் இன்னும் கடுமையாக்கினார்கள்.

அப்புறம் 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம், 233ஆவது பிரிவு. இணையத்தில் ஒருவரை எரிச்சலூட்டும் நோக்கத்தோடு கடுமையாகப் புண்படுத்தும்படி எழுதினால் குற்றம். 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். எரிச்சலுக்கு அளவுகோல் யார் வைத்திருக்கிறார்? மந்திரிக்கும் எரிச்சல் வரும், என் அக்கா மகனுக்கும் எரிச்சல் வரும். யாருடைய எரிச்சலுக்குப் போலீஸ் வண்டி சீக்கிரம் கிளம்பும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் அந்தக் காணொளிக்கு எதிராகப் புகார் கொடுக்கப் போனவர்கள் என்னையும் கூப்பிட்டபோது நான் போகவில்லை. என் மேல் வருத்தப்பட்டார்கள். இன்றைக்கு நம்மைப் பார்த்து இளித்தவர்கள் மேல் பாயச் சொல்லி நாம் அவிழ்த்துவிடுகிற சட்டம், நாளைக்கு நம்மில் ஒருவர் கேள்வி கேட்டால் அவர் மேலும் பாயும் என்றேன்.

அதற்காக எதையும் பேசலாம் என்று நான் சொல்லவில்லை. 1969 மே 13 இனக் கலவரத்தின்போது கைக்குழந்தையோடு வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்ததை என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடி, கொளுத்து, துரத்து என்று ஒரு கூட்டத்தை ஏவிவிடுவது பேச்சு ஆகாது. ஒருவரின் வீட்டு முகவரியைப் போட்டு மிரட்டுவதும் அப்படித்தான். அங்கே சட்டம் வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும். இகழ்ச்சி வேறு. இகழ்ச்சிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். அந்த 250,000 ரிங்கிட்டால் அந்த மூவருக்கும் காவடி என்றால் என்னவென்று புரிந்திருக்குமா? விடிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் அவர்களை என் அக்கா மகன் பக்கத்தில் நிற்க வைத்திருந்தால் எனக்கு அது போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. 2011இல் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடமாக வந்த 'இன்டர்லோக்' நாவலில், இந்தியாவிலிருந்து வந்தவர்களைக் குறிக்க ஒரு சாதிப் பெயர் வந்தது. நாடு முழுக்க நம் ஆட்கள் எதிர்த்தார்கள். எதிர்க்க வேண்டிய விஷயம்தான். கடைசியில் பாடத்திலிருந்து எடுத்தும்விட்டார்கள். ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஆசிரியர் அறையில் என்ன பேசினார்கள்? "நம்மளைப் போய் அந்தச் சாதின்னு எழுதிட்டானே!" இதைச் சொன்னவர் மரியாதையான மனிதர். அதே மேசையில் அந்தச் சாதியில் பிறந்த ஆசிரியை ஒருவர் மாணவர் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய சிவப்புப் பேனா ஒரே சொல்லின் கீழ் கோடு போட்டுக்கொண்டே இருந்தது. தாள் கிழிந்தது. அவர் நிமிரவில்லை. யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் வீட்டுக் கல்யாணங்களில் மைக் பிடிக்கிறவர்கள் மணப்பெண்ணின் நிறத்தைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்கள். மேடைகளில் திருநங்கையாக ஒருவர் வேஷம் போட்டு வந்து நின்றாலே போதும், வசனம்கூடத் தேவையில்லை, கூட்டம் சிரிக்கிறது. இதையெல்லாம் போலீஸ் வந்து தடுக்க வேண்டாம். ஆனால் எழுந்து போய், "தம்பி, அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்கலாம். நான் இப்போது கேட்கிறேன். ஒரு தம்பி முறைத்தார். இன்னொருவர் நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசினார்.

2005 கலை இரவுக்கு அதே மண்டபம். முன்கூட்டியே போய் அந்த இளைஞரைத் தேடினேன். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அந்த வருஷ நாடகத்தை நாசிர், அதாவது பள்ளி ஆய்வாளர்கள், வருகையைப் பற்றி எழுதியிருந்தேன். அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் பள்ளிக்கூடமே அலறியடித்துக்கொண்டு பூச்சட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும். ஈரச் சட்டியில் அதிகாரி கை வைத்துவிடுவார். போன வருஷம் 'பங்களா'வாக நடித்தவனின் தம்பிதான் தலைமையாசிரியர் வேஷம். அசல் தலைமையாசிரியர் முதல் வரிசையில், மாலை போட்டு உட்கார்ந்திருந்தார்.

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நாடகத்தை மறுபடி போடுவதற்கு முன்னால் பூச்சட்டிக் காட்சியை எடுத்துவிடச் சொன்னார். முடியாது சார், வேண்டுமானால் அடுத்த நாடகத்தில் என்னைப் பற்றி எழுதச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சட்டிக்குப் பச்சைப் பெயின்ட் வேண்டாம், நம்ம பள்ளியில மஞ்சள்தான் அடிப்போம்" என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்துகொண்டார். மஞ்சளாகவே மாற்றினோம்.

வணக்கம்.