பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சொகுசு மின்சாரக் காரை லீசுக்கு, அதாவது மாதா மாதம் பணம் கட்டிச் சில வருஷ வாடகைக்கு, எடுப்பதற்கு முன்னால் எப்படி ஓட்டிப் பார்ப்பது என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓட்டுவது இருக்கட்டும், முதலில் பின்னால் ஏறி உட்காருங்கள் என்பதுதான் என் கட்சி. இந்தப் பேச்சு முழுக்க இதையே திருப்பித் திருப்பிச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவன் நான். கடையைப் பையனிடம் ஒப்படைத்தாயிற்று. ஆனாலும் சொந்தத்தில், பழக்கத்தில் யார் கார் எடுக்கப் போனாலும், "நீங்களும் கூட வாங்களேன்" என்று ஒரு போன் வந்துவிடும். நானும் கிளம்பிவிடுவேன். ஷோரூமில் நல்ல காபி கொடுக்கிறார்கள், வெயிலுக்கு ஏசியும் ஆயிற்று.

அப்படிப் போய் வந்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. அறுபது எழுபது லட்ச ரூபாய்க் காரை டெஸ்ட் டிரைவ் எடுக்கிற பல பேர் அதைத் தினமும் ஓட்டப்போகிறவர்கள் இல்லை. ஓட்டப்போவது வீட்டு டிரைவர். அந்த நேரத்தில் டிரைவர் எங்கே இருப்பார்? ஷோரூம் வாசலில் பழைய வண்டியைக் காவல் காத்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரர் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பின் சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். மாதா மாதம் பணம் கட்டி உட்காரப்போவது அந்தச் சீட்டில்தானே!

இதை நான் மட்டும் சொல்லவில்லை, கார் கம்பெனிக்காரர்களுக்கே தெரியும். மெர்சிடிஸ் 2017இல் ஈ கிளாஸ் காரை நீள வடிவில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பிஎம்டபிள்யூவின் ஐஎக்ஸ்1 மின்சாரக் காரும் 2025 ஜனவரியில் இங்கே நீள வடிவில்தான் வந்தது, 49 லட்சம் என்று விலை சொன்னார்கள். அதன் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற இடமும் நமக்குப் பக்கத்தில்தான், சிங்கப்பெருமாள் கோவில் ஆலை. 2007இலிருந்து ஓடுகிற ஆலை அது. முன்னால் இருப்பவருக்காகவா இந்த நீளம்? பின்னால் இருப்பவர் கால் நீட்டத்தான்.

சரி, பெட்ரோல் காருக்கும் இதே பேச்சுதானே, மின்சாரக் காரை ஏன் தனியாகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. மின்சாரக் காரில் பேட்டரி பெரும்பாலும் தரைக்கு அடியில் பரவிக் கிடக்கிறது. அதனால் கால் வைக்கிற தளம் கொஞ்சம் மேலே ஏறிவிடுகிறது. சீட்டையும் அதே அளவு ஏற்றினால் தலை கூரையில் இடிக்கும். ஆகவே பல கார்களில் சீட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விளைவு, முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும், தொடைக்குக் கீழே சீட் தாங்காது. ஐந்து நிமிஷத்தில் இது தெரியாது. அடையாறிலிருந்து சிறுசேரி வரை ஓ.எம்.ஆரில் ஊர்ந்து போனால் தெரியும்.

என் அக்கா மகன் கதையைச் சொல்கிறேன். அவனுக்குக் கம்பெனியில் கார் லீஸ் கொடுக்கிறார்கள். சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்வார்கள், வரியிலும் கொஞ்சம் மிச்சமாகும். பையன் ஒரு மின்சார செடானைப் பார்த்து மயங்கிவிட்டான். பேரைச் சொல்லமாட்டேன், நல்ல கார்தான். "மாமா, ஓட்டிப் பாத்துட்டேன், பிரமாதம். நீங்க சும்மா ஒருதடவை பாத்துட்டு ஓகே சொல்லுங்க" என்றான். "உங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு வா, டிரைவரையும் கூட்டிக்கிட்டு வா, அப்பத்தான் வருவேன்" என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. அம்மா எதுக்கு மாமா, அவங்களுக்கு முட்டி வலி என்றான். முட்டி வலிதான்டா எனக்கு வேணும் என்றேன்.

மே மாசம், கத்திரி வெயில். ஷோரூம் வாசலில் கார் நிற்கிறது. அக்கா நேராகப் பின் கதவுக்குப் போனாள். கையை நீட்டினாள். கதவில் தடவினாள், இன்னும் கொஞ்சம் தடவினாள். "டேய் தம்பி, இதுக்குக் கைப்பிடியே இல்லையேடா" என்றாள். இருக்கிறது, ஆனால் கதவோடு கதவாக உள்ளே அடங்கியிருக்கிறது. சாவி வைத்திருப்பவர் கிட்டே வந்தால் வெளியே வரும். சாவி வைத்திருந்த சேல்ஸ் பையன் மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தான். அக்கா வெயிலில் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். பையன் ஓடி வந்து, "இது டிசைன், அம்மா. காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போறதுக்கு" என்றான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை.

உள்ளே ஏறினாள். கைப்பையை மடியில் வைத்தாள். முழங்கால் மேலே நிற்கிறது அல்லவா, பை மடியில் நிற்காமல் வயிற்றுப் பக்கமாகச் சரிந்து வந்து உட்கார்ந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். டிவியில் உட்கார்ந்து காரை ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்வதைவிட அந்தப் பை எனக்கு நிறையச் சொல்லிவிட்டது.

மருமகன் ஓட்டினான். கிண்டியில் கிளம்பி, கத்திப்பாரா ஏறி, ஜி.எஸ்.டி. ரோட்டில் விமான நிலையம் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். கொஞ்சம் காலி ரோடு கிடைத்ததும் சேல்ஸ் பையன், "சார், ஒருதடவை நல்லா அழுத்துங்க" என்றான். எல்லா ஷோரூமிலும் இந்த வசனம் உண்டு. அழுத்தினான். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. மின்சார மோட்டாருக்கு அந்தக் குணம் உண்டு. இஞ்சின் மாதிரி சுற்று ஏறும்வரை காத்திருக்காது, நின்ற இடத்திலிருந்தே முழு இழுப்பையும் கொடுத்துவிடும்.

இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பேன். இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது இந்த ஊரில்தான், 1895இல். 1953 வரைக்கும் ஓடியது. எங்கள் அப்பா அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர். கரண்ட்டில் ஓடுகிற வண்டி நம் ஊருக்குப் புதுசு மாதிரி ஷோரூமில் பேசும்போதெல்லாம் இதை எடுத்து விடுவேன். சேல்ஸ் பையன்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாய்ச்சலுக்கு அப்புறம் எதிரே ஆட்டோ. மருமகன் சட்டென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுத்த மாதிரி வண்டி பிடித்தது. பின்னால் அக்காவின் தலை முன் சீட்டுப் பக்கம் போய் வந்தது. "ஏன்டா இப்படி ஆட்டுறே?" என்றாள். இதற்கு ரீஜென் என்று பெயர். காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும், வண்டி வேகம் குறையும், அந்த ஓட்டத்திலிருந்து கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பப் போகும். நல்ல ஏற்பாடு. பிரேக் கட்டையும் சீக்கிரம் தேயாது. ஓட்டுகிறவருக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் பின்னால் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக் குமட்டும். சென்னை போக்குவரத்தில் எத்தனை முறை காலை வைத்து எடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

விமான நிலையம் தாண்டி, ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இப்போது டிரைவர் ஓட்டட்டும் என்றேன். சேல்ஸ் பையன் யோசித்தான். லைசென்ஸ் காப்பி வேண்டும் என்றான். வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். மருமகனைப் பின்னால் அக்கா பக்கத்தில் உட்காரவைத்தேன்.

அந்த டிரைவர் பல வருஷம் டீசல் வண்டி ஓட்டியவர். சிக்னலைத் தூரத்தில் பார்த்ததும் காலை எடுத்துவிட்டு வண்டியை உருள விடுவது அவர் பழக்கம். இங்கே காலை எடுத்தால் உருளாமல் நிற்கிறது. முதல் சிக்னலில் எல்லோரும் ஒருமுறை கும்பிடு போட்டோம். அடுத்த சிக்னலில் பாதி. அதற்குள் அவருக்கே பிடிபட்டுவிட்டது, "காலை மொத்தமா எடுக்கக் கூடாது சார், கொஞ்சம் கொஞ்சமா தளத்தணும்" என்று அவர்தான் மருமகனுக்குச் சொன்னார். திரையில் ரீஜெனைக் குறைத்துவைக்கவும் ஓர் இடம் இருந்தது. அதைக் குறைத்ததும் வண்டி பெட்ரோல் கார் மாதிரியே உருண்டது. பெரும்பாலான கார்களில் இந்த வசதி இருக்கிறது. கேட்டால்தான் காட்டுகிறார்கள்.

அவ்வளவு நேரமும் "பிரமாதம்" பாடிக்கொண்டிருந்த மருமகன் பின் சீட்டில் அமைதியாகிவிட்டான். காலை இப்படி வைத்தான், அப்படி வைத்தான். இஞ்சின் சத்தம் இல்லாததால் டயர் சத்தம் காதுக்கு நன்றாக வந்தது. கான்கிரீட் ரோட்டில் இன்னும் கூடும். "மாமா, பின்னாடி வேற கார் மாதிரி இருக்கு" என்றான். அதே கார்தான்.

கடைசியில் அந்த செடானை விட்டுவிட்டு, உயரமான ஒரு எஸ்.யூ.வி.யை எடுத்தான். அதிலும் அக்காவுக்குத் திருப்தி என்று சொல்லமாட்டேன். கூரை முழுக்கக் கண்ணாடி, மண்டை காய்கிறது என்கிறாள். கண்ணாடிக் கூரைக்குத் திரை உண்டா என்று மே மாசத்தில் கேட்க வேண்டும், டிசம்பரில் யாருக்கும் தோன்றாது.

அப்புறம், காரை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஷோரூம் காட்டுகிற பாதையில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். நம் ஊரில் ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, பழைய வீடெல்லாம் பள்ளத்தில் கிடக்கிறது. கேட்டிலிருந்து இறங்குகிற சரிவில் நீளமான காரின் அடிவயிறு தட்டும். பெட்ரோல் கார் என்றால் தட்டுவது ஏதோ ஒரு தகடு. இங்கே அடியில் இருப்பது பேட்டரி, காரிலேயே விலை கூடிய பொருள். உங்கள் தெரு வேகத்தடையிலும், நாலு பேர் உட்கார்ந்த பாரத்தோடு ஏற்றி இறக்கிப் பாருங்கள். வெறும் காரை ஏற்றினால் கணக்கு தப்பும்.

வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்வதில் இன்னொரு லாபம். உங்கள் பார்க்கிங்கில் நிறுத்தி, சார்ஜர் வயர் எட்டுகிறதா, அந்த இடத்துக்கு யார் மீட்டரிலிருந்து கரண்ட் வரும் என்று அங்கேயே பார்த்துவிடலாம். அபார்ட்மென்ட்வாசிகளுக்கு அசோசியேஷன் சம்மதம் வேண்டும், அதற்கு ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். கார் வருவதற்கு முன்னாலேயே இதை ஆரம்பித்துவிடுங்கள். நான் சொன்ன ஐஎக்ஸ்1இல் பேட்டரி 66 கிலோவாட் மணி. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட் வீதம் ஏறினால் காலியிலிருந்து நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள். 7 கிலோவாட் சார்ஜர் போட்டால் ராத்திரி சொருகிக் காலையில் எடுக்கலாம்.

ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போடுவது ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவு. அதே காருக்கு 531 என்று சொல்கிறார்கள். நான் எந்தக் காருக்கும் முக்கால் பங்கைத்தான் கணக்கில் வைப்பேன். டெஸ்ட் டிரைவின்போது ஏசியை நீங்கள் வீட்டில் வைக்கிற மாதிரியே வையுங்கள். கிளம்பும்போது பேட்டரி சதவீதத்தையும் கிலோமீட்டரையும் போனில் ஒரு படம் எடுங்கள், திரும்பி வந்ததும் இன்னொரு படம். சேல்ஸ் பையன் சொல்கிற எண்ணைவிட அது உங்களுக்கு உதவும்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டதாம். லீசைப் பற்றித்தான் பாதிப் பேச்சு என்று நினைத்து வந்தேன், அக்கா எடுத்துக்கொண்டுவிட்டாள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

வரி விஷயத்தில் மின்சாரக் காருக்கு நல்ல காலம். ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40. லீஸ் தவணையிலும் இந்த வித்தியாசம் தெரியும். பேட்டரிக்குப் பொதுவாக 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள், உங்கள் காருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பழைய மின்சாரக் கார் நாலு வருஷம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று அடித்துச் சொல்ல இன்றைக்கு ஆளில்லை. அந்தக் கவலையை லீஸ் கம்பெனி தலையில் கட்டலாம் என்பதால்தான் நான் லீசுக்குச் சரி சொல்கிறேன். ஆனால் முடிவில் காரை நீங்களே வாங்கியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கவலை மறுபடி உங்களுக்குத்தான்.

வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கும், தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். பெற்றோர் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருந்தால் அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நடுவில் வேலை மாறினால் என்ன ஆகும்? பாதியில் முடித்தால் எவ்வளவு? இந்தக் கார்கள் எடை அதிகம், டயர் சீக்கிரம் தேயும், டயர் செலவு யாருடையது? 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்களே, நினைவிருக்கும். வெள்ளத்தில் பேட்டரிக்குச் சேதம் வந்தால் இன்சூரன்ஸ் தருமா, அடிவயிறு தட்டினால் தருமா? வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எந்தக் கீறலுக்குப் பணம் பிடிப்பார்கள், எதை விட்டுவிடுவார்கள்? வாயால் சொன்னால் போதாது, மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாலை வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல இருந்தேன். இல்லை, கை காட்டியவர் எழுந்தே நின்றுவிட்டார். நன்றி, வணக்கம்.