கண்ணுக்குள் தெரியும் ரத்தக்குழாய்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் விழித்திரை மருத்துவம் பார்ப்பவன் நான். கண்ணுக்குள் எடுக்கும் ஒரு படத்தை வைத்து, மாரடைப்போ பக்கவாதமோ யாருக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கத்தி வைக்காமல், இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனியையும் அதைத் திரும்பக் கொண்டுபோகும் சிரையையும் ஓடுகிற ரத்தத்தோடு நேரடியாகப் பார்க்கலாம் என்றால் அதற்கு உடம்பில், கண்ணின் உட்புறம் பின்னால் இருக்கும் விழித்திரைதான் இடம். தமனி மெலிந்து வெளிர் சிவப்பாக இருக்கும். சிரை சற்றுப் பருத்துக் கருஞ்சிவப்பாக இருக்கும். ரத்தக்கொதிப்பைப் பல வருடம் கவனிக்காமல் விட்டால் தமனி சுருங்கும், அதன் சுவர் தடிக்கும். சிரையின் மேல் அது குறுக்கே போகிற இடத்தில் சிரை நசுங்கித் தெரியும். இன்னும் முற்றினால் ரத்தம் கசியும், வெள்ளைத் திட்டுகள் விழும், கடைசியில் பார்வை நரம்பின் முனையே வீங்கிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், நாற்பது வயதைத் தாண்டியதும் வெள்ளெழுத்துக் கண்ணாடி கேட்டு வருவார்கள். தலைவலி இருக்காது, மயக்கம் இருக்காது. கண்ணுக்குள் பார்த்தால் சிலருக்குச் சிரைகள் நசுங்கியிருக்கும். "பி.பி. கடைசியா எப்பங்க பார்த்தீங்க?" என்று கேட்டால், "எனக்கு அதெல்லாம் இல்லைங்க சார்" என்பார்கள். அளந்தே பார்த்திராதவர்கள் சொல்லும் பதில் அது.

கண்ணைப் பார்த்து ஆயுளைக் கணிப்பது புதிதும் அல்ல. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1851இல் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். 1939இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கீத், வேகனர், பார்க்கர் ஆகியோர் ரத்தக்கொதிப்பு நோயாளிகளின் விழித்திரையை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலையில் இருந்தவர்களில் 70 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். நான்காம் நிலையில் 6 சதவீதம் பேர்தான். பி.பி.யைக் குறைக்க நல்ல மாத்திரை இல்லாத காலம் அது. இன்று அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதனால்தான், தெரியாமலே இருக்கிறவரைக் கண்டுபிடிப்பதில் எனக்கு இத்தனை அவசரம்.

இனி கணினிக்கு வருவோம். 2018இல் கூகுள் ஆய்வாளர்கள் 2,84,335 பேரின் விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவித்தார்கள். படத்தை மட்டும் பார்த்து, சராசரியாக மூன்றே கால் வருடப் பிழைக்குள் அது வயதைச் சொன்னது. ஆணா பெண்ணா என்றும் சொன்னது. எந்தக் கண் மருத்துவராலும் அது முடியாது. ஐந்து ஆண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் ஒருவர், வராதவர் ஒருவர் என இரண்டு படங்களைக் காட்டினால், நூற்றுக்கு 70 தடவை சரியானவரைக் காட்டியது.

வியப்பான திறமைதான். ஆனால் இதைக் கேட்டுவிட்டு, 'படம் எடுத்தால் போதும், பி.பி. பார்க்க வேண்டாம்' என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மேல் அளவு பி.பி.யைக் கணித்ததில் அதன் சராசரிப் பிழை 11 புள்ளி. கையில் பட்டை கட்டி அளந்தால் இரண்டு நிமிடத்தில் அதைவிடச் சரியாகத் தெரிந்துவிடும். பயிற்றுவித்த படங்களும் அமெரிக்கா, பிரிட்டன் மக்களுடையவை. நம் ஊர்க்காரர்களின் விழித்திரை நிறம் அடர்த்தியானது. மாரடைப்பும் நமக்கு இளம் வயதிலேயே வருகிறது. நம் மக்களிடம் சோதித்துப் பார்க்காத கணிப்பை நான் என் நோயாளியிடம் சொல்ல மாட்டேன்.

சேலத்தை ஒட்டி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இது எப்படிப் பொருந்தும்? கேமராவை மலைக்கு எடுத்துப் போகலாம். பயிற்சி பெற்ற ஒருவர் ஏற்காட்டில் படம் எடுத்தால், சேலத்திலிருந்தே நான் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு நாள் எஸ்டேட் கூலியை விட்டுவிட்டுக் கீழே வர வேண்டியதில்லை. சிக்கல்களும் உண்டு. கண்புரை முற்றியிருந்தால் படம் மங்கிவிடும். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டப் பார்வை மங்கும். அந்தக் கண்ணோடு இருபது கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டவே கூடாது. கூட ஒருவரை அழைத்து வாருங்கள்.

மலையில் கண் முகாம் நடத்துகிறவர்களை நான் கேட்பது இதுதான்: கேமராவுக்குப் பக்கத்து மேசையிலேயே பி.பி. கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருக்கட்டும். படத்தில் குறை தெரிந்தால், அவர் எழுந்து போவதற்குள் மாத்திரைக்கு வழி செய்யுங்கள், அடுத்த மாதம் யார் அவரைப் பார்ப்பார் என்பதையும் எழுதிக் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு முறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரும்போது, சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். நன்றி, வணக்கம்.